ரிசீவரை எடுத்துப் பழகிய கைக்கு எந்தக் கைபேசி?

நங்கநல்லூரில் தனியாக வசிக்கும் 79 வயது அத்தைக்கு, பேசுவதற்கு எளிதான ஒரு கைபேசியை ஐந்தாயிரம் ரூபாய்க்குள் பரிந்துரைக்குமாறு கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலிருந்த தொலைபேசி இணைப்பு நின்றுபோய்விட்டது என்றும், நீங்கள் கொடுத்த பழைய ஸ்மார்ட் போனில் அழைப்பு வரும்போது அவர் பச்சை வட்டத்தை எவ்வளவு அழுத்தினாலும் எடுபடுவதில்லை என்றும், எடுத்துவிட்டாலும் பேச்சின் நடுவே ஏதோ ஒன்று பட்டுத் துண்டிக்கப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. காது சற்று மந்தம். ஆனால் செவிக்கருவி இன்னும் வாங்கவில்லை. பேரப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உண்டு.

தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடியிருப்பில் உள்ள முதியவர்கள் பலருக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்து, பழக்கியும் விட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 4ஜி வசதி உள்ள மடக்குப் போன் ஒன்றை வாங்குங்கள், அது அத்தையின் கைக்கு ஒத்துவராவிட்டால், பெரிய எழுத்தும் தனித்தனியான பொத்தான்களும் உள்ள 4ஜி பட்டன் போன் ஒன்றை வாங்குங்கள். இரண்டில் எதுவானாலும் ஒரே ஒரு சிம் மட்டும் போடுங்கள். வாங்கிய நாளில் அரை நாள் அவருடன் உட்காருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை இனி விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் கடைக்குப் போகும்போது நான் சொல்லும் மாடல் இருக்காமல் போகலாம். காரணம் தெரிந்திருந்தால் வேறொன்றை நீங்களே தேர்ந்துகொள்ள முடியும்.

அத்தை திரையை ஏன் அழுத்துகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்மார்ட் போனில் பெரும்பாலும் வரும் அழைப்பை அழுத்தி எடுப்பதில்லை. விரலை வைத்து மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுக்க வேண்டும். சட்டைப் பையில் இருக்கும்போது தானாக எடுபடாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக மணி அடித்தால் ரிசீவரை எடுப்பது, பேசி முடித்தால் திரும்ப வைப்பது என்ற இரண்டே அசைவுகளில் தொலைபேசியைப் பயன்படுத்திய ஒருவருக்கு, இழுத்தல் என்ற அசைவு எங்குமே இருந்ததில்லை. மிக்சியையும் மின்விசிறியையும் காலிங் பெல்லையும் அவர் அழுத்தியே பழகியிருக்கிறார். இதனுடன் உடல் சார்ந்த காரணம் ஒன்றும் சேர்கிறது. இக்காலத் தொடுதிரைகள் விரலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு தொடுதலை உணர்கின்றன. வயதாக ஆக விரல் நுனி வறண்டுபோவதால், மெல்லத் தொட்டால் திரை அறிவதில்லை. அறியவில்லையே என்று அழுத்திப் பிடித்தால், நீண்ட அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கிறது. முதியவர்கள் பலர், 'என் விரல் ராசி அப்படி' என்று சொல்லி ஒதுங்கிவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மடக்குப் போனை முதலில் சொன்னது இதனால்தான். திறந்தால் அழைப்பு எடுக்கப்படும், மூடினால் துண்டிக்கப்படும். ரிசீவரின் அதே இரண்டு அசைவுகள். மூடியிருக்கும்போது பொத்தான்கள் உள்ளே மறைந்துவிடுவதால், கீ லாக் என்ற தொல்லையே இல்லை. சாதாரண பட்டன் போனில் பூட்டைத் திறப்பதற்கு ஒரு பொத்தானை அழுத்தி உடனே நட்சத்திரப் பொத்தானையும் அழுத்த வேண்டும். கை சற்று நடுங்குபவர்களுக்கு இந்த இரட்டை அசைவுதான் முதல் தடை. நோக்கியா 2660 ஃபிளிப் என்ற மடக்குப் போன் 2022இல் இந்தியாவில் ரூ. 4,699 விலையில் அறிமுகமானது. 4ஜி வசதி, 2.8 அங்குலத் திரை, பெரிய பொத்தான்கள், தனி அவசரப் பொத்தான், செவிக்கருவியுடன் ஒத்துப்போகும் தன்மை ஆகியவை அதில் உண்டு. உங்கள் தேவைக்கு மிக நெருங்கி வருவது அதுவே. திறந்தவுடன் அழைப்பை ஏற்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் வாங்கியவுடன் பார்த்துவிடுங்கள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: விரல் மூட்டுகளில் வாதம் உள்ளவர்களால் மடக்குப் போனை ஒரு கையால் திறக்க முடிவதில்லை. கடையிலேயே அத்தையைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள்.

மடக்கு ஒத்துவரவில்லை என்றால், பட்டன் போன்களில் பார்க்க வேண்டியது பொத்தானின் அளவைவிட, பொத்தான்களுக்கு இடையே உள்ள பள்ளம். ஒரே ரப்பர் தகடாக, மேலே கோடு மட்டும் போட்டு எண்களைப் பிரித்திருக்கும் போன்களில் விரல் எங்கே இருக்கிறது என்று தடவித் தெரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு பொத்தானும் தனியாக மேடிட்டிருக்க வேண்டும், அழுத்தும்போது 'டக்' என்ற உணர்வு விரலுக்குத் தெரிய வேண்டும், 5ஆம் எண்ணில் புள்ளி இருக்க வேண்டும். எண்ணை அழுத்தும்போது அதை உரக்கச் சொல்லும் வசதி சில போன்களில் உண்டு. பார்வை மங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றவர்களுக்குச் சில நாட்களில் எரிச்சலூட்டிவிடும்.

அடுத்தது வலையமைப்பு. கடைகளில் இன்றும் மலிவாகக் கிடைக்கும் பட்டன் போன்களில் பல, 2ஜி மட்டுமே உள்ளவை. ஜியோவிடம் 2ஜி சேவை கிடையாது. ஆகவே அந்தப் போன்களில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா சிம்கள் வேலை செய்யும். மறுபக்கம், 2023இல் ரூ. 999க்கு வந்த ஜியோபாரத் போன்ற போன்கள் 4ஜி என்றாலும், ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும். அத்தையிடம் இப்போது எந்த நிறுவனத்தின் சிம் இருக்கிறது, அவருடைய வீட்டுக்குள், குறிப்பாக அவர் படுக்கும் அறையில், எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே போனைத் தீர்மானியுங்கள். தரைத் தளத்தில், நாற்புறமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட தெருக்களில், ஒரே வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் சிக்னல் மாறுபடும். நிறுவனத்தை மாற்ற வேண்டியிருந்தால் எண்ணை மாற்றத் தேவையில்லை. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அதே எண்ணுடன் மாறிக்கொள்ளலாம். முதியவர்களின் எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். பால்காரர் முதல் வங்கி வரை எல்லாரிடமும் இருப்பது அந்த எண்.

4ஜி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு, இதைவிட முக்கியமான காரணம் காது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வயதால் வரும் செவிக்குறைவில் முதலில் போவது கூர்மையான, உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை நன்றாகவே கேட்கும். 'ச', 'ஸ', 'த', 'ப' போன்ற மெய்யொலிகளின் நுனிதான் மழுங்கும். 'கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியலை' என்று அவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். நாமோ சத்தத்தைக் கூட்டுகிறோம். ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் பகுதி இன்னும் பெரிதாகக் கேட்கிறது, கேட்காத பகுதி கேட்காமலே இருக்கிறது. பழைய தரைவழித் தொலைபேசியும் 2ஜி கைபேசியும் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகின்றன. 'ஸ' போன்ற உரசொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், அது வழியிலேயே வெட்டப்பட்டுவிடுகிறது. 4ஜி வலையமைப்பு வழியாகவே குரலை அனுப்பும் வோல்டி (VoLTE) அழைப்புகளில் பயன்படும் அகன்ற அலைவரிசைக் குரல் முறை, 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. காது மந்தமானவருக்கு, குறைந்தபட்சம் அந்த ஒலிகள் காது வரையாவது வந்து சேர்கின்றன. பேசுபவர், கேட்பவர் இருவரும் வோல்டியில் இருந்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். ஆகவே அத்தையின் போனில் மட்டுமல்லாமல், அடிக்கடி அழைக்கும் உங்கள் போனிலும் வோல்டி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அத்தையிடம், ஒரே வாக்கியத்தை, 2ஜி போனிலும் 4ஜி போனிலும் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

அழைப்பு மணிக்கும் இதே விதிதான். கிணுகிணு என்று ஒலிக்கும் மெல்லிய மணியோசையைக் காட்டிலும், தாழ்ந்த சுருதியில் விட்டுவிட்டு ஒலிக்கும் பழைய பாணி மணி பக்கத்து அறையிலிருந்தும் கேட்கும். போனில் இருக்கும் ஒலிகள் அனைத்தையும் வாசித்துக் காட்டி, சமையலறையில் நிற்கச் சொல்லி, எது கேட்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

நாளை அவர் செவிக்கருவி வாங்கினால் கவனிக்க வேண்டியது, போன் செவிக்கருவியுடன் எவ்வளவு ஒத்துப்போகும் என்பதைக் காட்டும் எம்3/டி3 அல்லது எம்4/டி4 என்ற குறியீடு. எண் கூடக் கூட நல்லது. 2ஜி போன் ஒலிபெருக்கிக்கு அருகே இருந்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் 'டிட் டிடிட்' என்ற இரைச்சல் வருவதைக் கேட்டிருப்பீர்கள். நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்பப்படும் அலையின் துடிப்பு அது. செவிக்கருவி அணிந்தவரின் காதுக்குள்ளேயே அந்த இரைச்சல் கேட்கும். 4ஜியில் இத்தொல்லை மிகவும் குறைவு.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புரை நீக்கிய கண்ணுக்கு வெளிச்சம் பிரச்சினை இல்லை. நீக்காத கண்ணுக்குப் பளபளப்பும் கூச்சமும் உண்டு. எழுத்தின் அளவைப் போலவே, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். பூக்கள், அருவிகள் என்று வரும் பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு ஒரே வண்ணத்தை வையுங்கள். திரை பத்து நொடியில் அணைந்துவிடாமல், முடிந்த அளவு நீண்ட நேரம் எரியும்படி வையுங்கள்.

அவசரப் பொத்தான் என்பதைப் பற்றி எல்லாருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. என் மாமியாருக்கு முதியவர்களுக்கென்றே விற்கப்படும் போன் ஒன்றை வாங்கினேன். பின்புறம் சிவப்புப் பொத்தான்; அழுத்தினால் அபாயச் சங்கு ஊதும், பதிந்துள்ள ஐந்து பேருக்குக் குறுஞ்செய்தி போகும், பிறகு ஒருவர் எடுக்கும்வரை வரிசையாக அழைக்கும். அவர் அந்தப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். முதல் வாரத்தில் மூன்று இரவுகள், ஒன்றரை மணிக்கும் இரண்டு மணிக்கும், நாங்கள் ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்தோம். நான்காவது இரவில் என் மைத்துனர் போனை அணைத்துவிட்டுத் தூங்கினார். பத்தாவது நாள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, போன் தலையணைக்கு அடியிலேயே இருந்தது; எதிர்வீட்டம்மா குரல் கேட்டு ஓடிவந்தார். ஆகவே பொத்தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் அழுத்தினால் இயங்குகிறது, தவறி அழுத்தினால் எப்படி நிறுத்துவது என்ற மூன்றையும் வாங்கும்போதே சோதியுங்கள். போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு கோக்கும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டிக்கொள்ளாத போனின் அவசரப் பொத்தானால் பெரிய பயனில்லை. குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இல்லாத ரீசார்ஜ் திட்டத்தில் இருந்தால், அந்த அபாயச் செய்தியும் போகாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

தனிப் பொத்தான் இல்லாத போனிலும் ஓர் ஏற்பாடு உண்டு. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பட்டன் போன்களில் 5 அல்லது 9ஆம் எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். அந்த அழைப்பு 112க்குப் போகும். இதனால் ஒரு சிறு சிக்கல்: ஒரு எண்ணை நீண்ட நேரம் அழுத்தினால் குறிப்பிட்ட ஒருவருக்கு அழைப்பு போகும்படி வைக்கும் ஸ்பீட் டயல் வசதியை 5, 9 ஆகியவற்றில் வைத்தால், இரண்டும் மோதிக்கொள்ளும். ஸ்பீட் டயலை 2, 3, 4 ஆகியவற்றில் மட்டும் வையுங்கள். அத்தைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

மின்கலம், சார்ஜ் பற்றிச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று மூன்று முறை பல நாட்கள் மின்சாரமின்றி இருந்திருக்கிறோம். பட்டன் போனின் சார்ஜ் சில நாட்களுக்கு வரும். ஆனால் கைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் ஜெனரேட்டரும் ஓய்ந்துவிட்டால், கையில் இருக்கும் போனில் சார்ஜ் இருந்து பயனில்லை என்பதையும் அந்த நாட்களில் கண்டோம். பழைய செப்புக் கம்பி இணைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. இணைப்பகத்திலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தெருவே இருளில் இருந்தாலும் டயல் ஒலி கேட்கும். இன்று ஃபைபர் இணைப்புடன் தரும் தொலைபேசி, வீட்டிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுவிடும். 'அந்தக் காலத்து போன் கரண்ட் போனாலும் பேசும்' என்று அத்தை சொன்னால், அது பழம்பெருமை அன்று. பட்டன் போனில் வானொலி இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இயர்போன் செருகாமலே எடுக்கும் வயர்லெஸ் எஃப்எம் என்றால் நல்லது. புயல் நாளில் 101.4இல் அகில இந்திய வானொலியின் ரெயின்போ சொல்லும் செய்தி, வலையமைப்பு இல்லாதபோதும் கிடைக்கும்.

சார்ஜரைச் செருகுவதுதான் முதியவர்களின் கண்ணுக்கும் கைக்கும் மிகக் கடினமான வேலை. மைக்ரோ யுஎஸ்பி முனையைத் தலைகீழாகத் திணித்துத் துளையையே உடைத்துவிடுவது நான் அதிகம் கண்ட பழுது. டைப்-சி என்றால் எந்தப் பக்கம் செருகினாலும் போகும். அதைவிடச் சிறந்தது, போனைக் கொண்டுபோய் வைத்தால் தானாகச் சார்ஜ் ஏறும் தொட்டில் போன்ற தாங்கி. ஈஸிஃபோன் என்ற இந்திய நிறுவனத்தின் முதியோர் போன்கள் சிலவற்றில் இத்தகைய தாங்கி உண்டு. புகைப்படத்தை அழுத்தி அழைப்பது, பதியாத எண்களைத் தடுப்பது போன்றவையும் உண்டு. தாங்கியைப் பழைய தொலைபேசி இருந்த அதே முக்காலியில் வையுங்கள். மணி அடித்தால் அவர் கால்கள் தாமாகவே அங்கேதான் போகும்.

இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிம் போடும் மேசைத் தொலைபேசி என்ற ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அசல் தரைவழித் தொலைபேசிதான். ரிசீவர், சுருள் கம்பி எல்லாம் இருக்கும். உள்ளே சிம்மும் மின்கலமும். பீட்டல் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. மின்னணுப் பொருட்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைப் போல மகிழ்ச்சி தந்த பொருள் வேறில்லை. இவற்றில் பல 2ஜி என்பதால், 4ஜியா என்று கேட்டு வாங்குங்கள். அத்தை கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் தனியாகப் போய்வருபவர் என்றால், இது மட்டும் போதாது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாரேனும் 'இங்கே சீனியர் போன் நல்லதா கிடைக்குது, அனுப்பறேன்' என்றால் அன்புடன் மறுத்துவிடுங்கள். அங்கே ஒரு நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்ட போன்கள் இங்குள்ள சிம்மை ஏற்பதில்லை. பூட்டு இல்லாவிட்டாலும், நம் ஊர் 4ஜி அலைவரிசைகளும் வோல்டியும் அதில் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வாங்கும் இடம் எதுவாக இருந்தாலும், பெட்டியைப் பிரித்து அத்தையின் கையில் கொடுக்கும் கடையாக இருக்க வேண்டும். பட்டன் போன்களைப் பெரும்பாலும் கண்ணாடிக்குள் பெட்டியாகவே அடுக்கியிருப்பார்கள். ரிச்சி தெருவின் நெரிசலில் 79 வயதுக்காரரை நிறுத்தி வைக்க முடியாது. ஆதலால் விலை நூறு, இருநூறு கூடினாலும், நாளை பழுது என்றால் அத்தையே நடந்து போய்க் கேட்கக்கூடிய பக்கத்துக் கடை நல்லது. கடையில் நான் வைக்கும் தேர்வு ஒன்றே ஒன்றுதான்: யாரும் உதவாமல் ஒரு பத்து இலக்க எண்ணை மூன்று முறை அழுத்தச் சொல்வேன். மூன்றில் இரண்டு முறை சரியாக வந்தால் அந்தப் போன் அவருக்கானது. பில் வாங்குங்கள். *#06# என்று அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (போனுக்குரிய தனி அடையாள எண்), பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா, தடை செய்யப்பட்டதா என்பதை 2023இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம். பயன்படுத்திய போன் வாங்குவதாக இருந்தால் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

இனி அந்த அரை நாள் வேலை. மெனு தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்தில் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல் அவரிடம் கேளுங்கள். 'மெனு', 'நேம்ஸ்' என்று ஆங்கிலத்திலேயே பழகியவர்களுக்கு, 'அமைவுகள்', 'தொடர்புகள்' என்ற தமிழ் புதிய மொழியாகத் தெரிவதுண்டு. சிம்மில் ஏற்கெனவே பதிந்து வரும் நிறுவன எண்களை அழித்துவிட்டு, எட்டுப் பத்துப் பெயர்களை மட்டும் பதியுங்கள். பெயரை அவர் கூப்பிடும் விதத்திலேயே பதியுங்கள்; அவருக்கு நீங்கள் 'சின்னவன்' என்றால் அங்கேயும் சின்னவன்தான். அகர வரிசையில் முதலில் வர வேண்டியவர்களின் பெயருக்கு முன்னால் 1, 2 என்று எண் போட்டால் போதும். இரண்டாவது சிம் இடத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொரு அழைப்பிலும் 'எந்த சிம்?' என்று சில போன்கள் கேட்கும், அங்கேயே குழப்பம் தொடங்கும். அதே எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, 108, 112, முதியோர் உதவி எண் 14567 ஆகியவற்றையும் சேர்த்து, தினசரி காலண்டர் அட்டையின் பக்கத்தில் ஒட்டுங்கள். போன் கெட்டுப்போன அன்றைக்கு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேச அந்தத் தாள்தான் உதவும்.

முதியவர்களை மிகவும் கலங்க வைப்பது திடீரென்று திரையில் எழும் விளம்பரச் செய்திகள். 'ஓகே' என்பதை அழுத்தினால் ஏதோ ஒரு சேவை தொடங்கி, பணம் பிடிக்கப்படலாம். சிம் டூல்கிட் என்ற பகுதிக்குள் போய் இச்செய்திகளை நிறுத்தலாம். தெரியாமல் தொடங்கிய சேவையை 155223 என்ற கட்டணமில்லா எண்ணில் நிறுத்தலாம். விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909இல் பதியலாம். இம்மூன்றையும் முதல் நாளே நீங்கள் செய்துவிடுங்கள்.

ரீசார்ஜில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. இணையமே தேவைப்படாதவர்களும் டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்த நிலையில், குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அத்தகைய சிறப்புத் திட்டங்களின் காலத்தை 365 நாள் வரை நீட்டிக்கவும் அனுமதித்தது. 2025 ஜனவரி முதல் நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. நீண்ட கால அளவுள்ள ஒன்றை உங்கள் கைபேசியிலிருந்தே போட்டுவிட்டு, முடியும் நாளை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் பதிந்த எண் இதே எண்ணாக இருந்தால் அது நல்லதே. ஸ்மார்ட் போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லித் திரையைப் பார்த்துப் பணம் திருடும் வேலை பட்டன் போனில் நடக்காது. போலிச் சீருடையுடன் வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவதும் நடக்காது. ஆனால் ஓடிபி எண்ணை வாயால் கேட்டு வாங்கும் ஏமாற்று எந்தப் போனிலும் நடக்கும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

பேரப் பிள்ளைகளின் முகம் பற்றி. பேசுவதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று என்று பிரித்துவிடுவதே என் யோசனை. சிறிய திரையுள்ள பட்டன் போனில் வீடியோ வசதியைத் தேடினால் இரண்டும் கெட்டுப்போகும். நீங்கள் கொடுத்த அந்தப் பழைய ஸ்மார்ட் போனையே, வீட்டில் வைஃபை இருந்தால் அதில் இணைத்து, ஒரு தாங்கியில் சாய்த்து வையுங்கள். சாம்சங் என்றால் ஈஸி மோட் என்ற அமைப்பை இயக்கி, முகப்பில் வாட்ஸ்அப் தவிர அனைத்தையும் நீக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இத்தனை மணி என்று நேரம் குறித்து, பட்டன் போனில் முதலில் கூப்பிட்டு, 'இப்போ அந்தப் பெரிய போன் கிட்ட போய் உட்காருங்க அத்தை' என்று சொல்லிவிட்டு வீடியோவில் அழையுங்கள். அதை எடுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விரல் பழகும்வரை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து எடுத்துக் கொடுக்கும்.

புதிய போன் கொடுத்து ஒரு வாரம் கழித்து நேரில் போய், அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். பகலில் தவறிய அழைப்புகள் அதிகம் என்றால் மணியோசையை மாற்ற வேண்டும். சில நொடிகளிலேயே முடிந்த அழைப்புகள் பல இருந்தால் தவறான பொத்தான் அழுத்தப்படுகிறது. சிவப்புப் பொத்தானின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் விரலுக்கு அடையாளம் தெரியும். பட்டியலே வெறுமையாக இருந்தால், அவர் போனைப் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று பொருள். எடுத்து முக்காலியில் வைத்துவிட்டு வாருங்கள்.